சுண்டலை இந்த வருஷமும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்க லண்டன்ல ஹாரோ பக்கம் இருக்கோம். எங்க நாய் சுண்டலுக்கு 10 வயசு, கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல், 9 கிலோ. ஜூன் மாசம் ஒரு நடுராத்திரி மூச்சுத் திணறி எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு ஓடினோம், ஹார்ட் ஃபெயிலியர்னு சொன்னாங்க. இப்ப பிமோபெண்டன், ஃப்ருசமைட், ஸ்பைரோனோலாக்டோன் மூணு மாத்திரை ஓடுது. வருஷா வருஷம் அக்டோபர் ஹாஃப் டெர்ம் ஸ்கூல் லீவுல ஆஷ்ரிட்ஜ் காட்டுக்குப் போய் 5 மைல் நடந்துட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டு வர்றது எங்க வழக்கம், அவன் குட்டியா வந்ததுல இருந்து ஒரு வருஷம் கூட விட்டதில்ல. இப்ப தெருமுனை வரைக்கும் போறதுக்குள்ளயே நின்னுடறான். ராத்திரியில இருமல் வேற, அதுவும் இதயத்தாலதான்னு எல்லாரும் சொல்றோம். செக்கப்ல ஜென்டில் எக்சர்சைஸ் ஓகேன்னாங்க, அது எவ்வளவுன்னு சொல்லல. வீட்டுக்காரர் அவனை விட்டுட்டுப் போலாம்ங்கறார். 14 வயசுப் பொண்ணு இது அவனோட கடைசி ஆட்டம், கண்டிப்பா கூட்டிட்டுப் போகணும்னு அழறா. மதுரையில இருந்து எங்கம்மா வாயில்லா ஜீவனை ஏன்டி இழுத்துக்கிட்டு அலையுறன்னு திட்டறாங்க. நான் யார் பேச்சைக் கேக்கட்டும்? காட்டுக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா என்ன பண்றது? கான்கர்ங்கற குதிரைக் கஷ்கொட்டைக் காய், காளான் எல்லாம் விஷம்னு வேற சொல்றாங்களே?

பதில்:

வணக்கம்மா. பதிலை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க கீழ வரைக்கும் படிக்கிறதுக்குள்ள பொண்ணு நாலு தடவை வந்து என்ன சொன்னாருன்னு கேப்பா. கூட்டிட்டுப் போங்க. ஆனா அந்த 5 மைல் சுண்டலுக்குக் கிடையாது, அதை நீங்க வேற ஒரு நாள் நடந்துக்கங்க. அவனுக்கு மொத்தமே 20 நிமிஷம், அதுலயும் பாதி நேரம் நின்னு மோந்து பார்க்கறதுலயே போயிடும், போகட்டும். இதுக்கும் ஒரு கண்டிஷன் இருக்கு, கிளம்பறதுக்கு முந்தின ஒரு வாரம் அவன் தூங்கும்போது விடற மூச்சோட கணக்கு ஒழுங்கா இருக்கணும். அது எப்படின்னு சொல்றேன்.

(கடைசி ஆட்டம்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் ஒரு நிமிஷம் ஏதோ மேட்ச் போலன்னு நெனச்சுட்டேன், அப்புறம்தான் இங்கிலீஷ் Autumn, அதாவது இலையுதிர் காலம்னு புரிஞ்சுது. மன்னிச்சுக்கங்க.)

அவனுக்கு என்ன ஆகியிருக்குன்னு யாராவது உக்காந்து சொன்னாங்களான்னு தெரியல, எமர்ஜென்சி ராத்திரில சொல்லியிருந்தாலும் மண்டையில ஏறியிருக்காது. ஊர்ல அடிபம்பு பார்த்திருப்பீங்க. அடியில இருக்கிற வால்வு லீக் ஆச்சுன்னா நாம அடிச்சுக்கிட்டே இருப்போம், ஆனா ஒவ்வொரு அடிக்கும் ஏறின தண்ணியில பாதி திரும்ப கீழயே இறங்கிடும், குடத்துக்கு நூல் மாதிரி வரும். சுண்டலோட இதயத்துல இடது பக்கம் மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்கிற மைட்ரல் வால்வு அப்படித்தான் ஆயிருக்கு. வயசாக ஆக அது தடிச்சு முண்டு முண்டா ஆயிடும், சரியா மூடாது, ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் பின்னாடி போகும். அதை ஈடு கட்ட இதயம் பெருசாகும், வருஷக்கணக்குல சமாளிக்கும், ஒரு கட்டத்துல முடியாம போகும்போது பின்பக்க அழுத்தம் நுரையீரலுக்கு ஏறி அங்க நீர் கோத்துக்கும். ஜூன்ல நீங்க பார்த்தது அதுதான். இந்த ஜாதிக்கு இது பரம்பரைச் சொத்து, 10 வயசுக்கு மேல இதயத்துல முணுமுணுப்பு (ஸ்டெதாஸ்கோப்ல கேக்கிற லீக் சத்தம்) இல்லாத கேவலியரை நான் பார்த்தது ரொம்ப ரொம்பக் கம்மி. உங்க வளர்ப்புல எந்தத் தப்பும் இல்ல, சாதம் போட்டதால வந்துச்சான்னு யோசிச்சிருப்பீங்க, இல்ல.

மெதுவா நடக்கிறதால அந்த வால்வு இன்னும் கெட்டுப்போகும்னு கிடையாது. பிரச்னை வேற. நாய் ஓடும்போது உடம்பு ரத்தம் கேக்கும், லீக் ஆகற பம்பால அந்த அளவுக்கு ஏத்த முடியாது, அப்பதான் இளைப்பு, இருமல், சில சமயம் மயக்கம். அதனால அவனை அவனோட வேகத்துல விட்டா பெரும்பாலும் சமாளிச்சுக்குவான். வீட்டுலயே முடக்கிப் போட்டா சதை கரைஞ்சு போகும், இதய நோய்ல ஏற்கனவே முதுகு, தொடைச் சதை எல்லாம் இறங்கும், சுண்டலோட முதுகைத் தடவிப் பாருங்க எலும்பு தட்டுப்படும். ஆக உங்க வீட்டுக்காரர் சொல்றது பாதுகாப்பு மாதிரி தெரிஞ்சாலும் முழுசா சரி இல்ல.

ஜென்டில் எக்சர்சைஸ்ங்கற வார்த்தையைப் பத்தி ஒண்ணு சொல்லணும், இது என் மேல நானே வச்சுக்கற குறை. இந்த ஊருக்கு வந்த புதுசுல நான் வேலை பார்த்த இடத்துல ஒரு பெரியவர் ஸ்பானியல் ஒண்ணைக் கொண்டு வந்தார், இதே நோய், மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு லைட் எக்சர்சைஸ் மட்டும்னு சொல்லி அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு அந்த நாய் வாயைப் பொளந்துக்கிட்டு, கழுத்தை நீட்டிக்கிட்டு, படுக்க முடியாம வந்துது. நீங்க சொன்ன மாதிரியே தினமும் லைட்டாதான் டாக்டர் நடந்தோம், வழக்கமா 12 மைல், இப்ப 7 தான்னார். அவர் மேல ஒரு தப்பும் இல்ல, மலைமேட்டுல வாழ்ந்த மனுஷனுக்கு 7 மைல் லைட்டுதான். நடைதான் காரணம்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது, அந்த நோய் சும்மா படுத்திருக்கிற நாயையும் திடீர்னு கவுத்துடும். ஆனா அன்னையில இருந்து நான் வார்த்தையில சொல்றதை விட்டுட்டு நிமிஷத்துலயும் மூச்சுலயும் சொல்ல ஆரம்பிச்சேன். உங்க வெட், அதான் உங்க நாய் டாக்டர், சொல்லலன்னா தப்பா எடுத்துக்காதீங்க, 15 நிமிஷ அப்பாயின்ட்மென்ட்ல அவங்களும் என்னதான் பண்ணுவாங்க, போன் பண்ணிக் கேளுங்க, சொல்லுவாங்க. நான் அவனை நேர்ல பார்க்கல, அவங்க பார்த்திருக்காங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா அவங்க சொல்றதைத்தான் கேக்கணும்.

இப்ப மூச்சுக் கணக்கு. இதுதான் இந்தக் கடிதத்துலயே முக்கியமான விஷயம், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். சுண்டல் அசந்து தூங்கும்போது, மூச்சு வாங்கிக்கிட்டு நாக்கைத் தொங்கப் போடும்போது இல்ல, ரேடியேட்டர் பக்கத்துல சூட்டுல கிடக்கும்போதும் இல்ல, நல்லா தூங்கும்போது, பக்கத்துல சத்தம் போடாம உக்காந்து விலா ஏறி இறங்கறதைப் பாருங்க. ஏறி இறங்கினா ஒண்ணு. போன்ல 30 செகண்ட் டைமர் வச்சு எண்ணி ரெண்டால பெருக்குங்க. கால் வெட்டி வெட்டி இழுத்து, மீசை துடிச்சு, கனவுல அணில் துரத்திக்கிட்டு இருந்தான்னா அப்ப எண்ணாதீங்க, அந்த நேரத்துல மூச்சு தாறுமாறா இருக்கும், அஞ்சு நிமிஷம் விட்டு எண்ணுங்க. நோய் கட்டுக்குள்ள இருக்கிற நாய் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 30க்குக் கீழதான் விடும். நிறைய நாய்கள் 20 பக்கத்துல இருக்கும். அவனோட வழக்கமான நம்பர் என்னன்னு தெரிஞ்சு வச்சுக்கறதுதான் முக்கியம். 18ன்னு இருந்தவன் ரெண்டு மூணு நாளா 26, 28ன்னு ஏறினாலே, இன்னும் 30 தாண்டலயேன்னு உக்காராம போன் பண்ணிடுங்க. மறுபடி மறுபடி எண்ணியும் 30க்கு மேலன்னா டூர் கேன்சல், அன்னைக்கே வெட். இந்த வேலையைப் பொண்ணுகிட்ட குடுங்க. அழறதுக்குப் பதிலா அவளுக்கு ஒரு நோட்டு, ஒரு பேனா, தினமும் ராத்திரி ஒரு நம்பர். 14 வயசுப் பிள்ளைங்க இதுல நம்மளை விட ஒழுங்கு.

கணக்கு சரியா இருந்தா போற நாளுக்கு வருவோம்.

காலையில பிமோபெண்டன், அதான் இதயத்துக்கு பலம் குடுக்கிற மாத்திரை, வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஃப்ருசமைட்லதான் எல்லாரும் ஒரு தப்பு பண்ணுவாங்க. அது ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மூத்திரத்தைக் கொட்ட வைக்கும், கார்ல நனைச்சுடுவானேன்னு அன்னைக்கு ஒரு வேளை மாத்திரையை நிறுத்திடுவாங்க. பண்ணாதீங்கம்மா. நீர் கோத்துக்காம வச்சிருக்கிறதே அந்த மாத்திரைதான், அதுவும் அவன் நடக்கப் போற நாள்ல நிறுத்தறது மோட்டாரை ஓட விட்டுட்டு தண்ணிக் குழாயை மிதிக்கிற மாதிரி. சீக்கிரமா எழுந்து ஏழு மணிக்குக் குடுத்துடுங்க, ஒம்பதரைக்குள்ள தோட்டத்துல ரெண்டு மூணு தடவை போயிடுவான், அப்புறம் கிளம்பினா முக்கால் மணி நேர டிரைவ்தான். சீட்ல ஒரு பழைய டவல் போட்டுக்கங்க, அவ்வளவுதான் நஷ்டம். தண்ணியையும் நிறுத்தக் கூடாது, இந்த மாத்திரை சாப்பிடற நாய் நிறைய குடிக்கும், குடிக்கட்டும், கிண்ணமும் பாட்டிலும் எடுத்துக்கங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்கல்ல, மாத்திரை நேரம் குழம்புதேன்னு போன வருஷம் ஒருத்தங்க ராத்திரி பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. ஒரு மணி நேரம் முன்ன பின்ன ஆனா ஒண்ணும் ஆகாது.

பதினொண்ணுல இருந்து ஒரு மணிக்குள்ள நடந்து முடிச்சுடுங்க. காலைப் பனியில குளிர் காத்து இருமலைக் கிளப்பும், சாயங்காலம் சீக்கிரம் இருட்டிடும். மழையா இருந்தா போகாதீங்க, நனைஞ்சு நடுங்கினா அந்த நடுக்கத்துக்கே இதயம் எக்ஸ்ட்ரா உழைக்கணும். கழுத்துப் பட்டையில லீடு மாட்டாதீங்க, இழுத்தா இருமுவான், நெஞ்சைச் சுத்தி வர்ற ஹார்னஸ் போடுங்க, மேல ஒரு கோட்டு.

ஆஷ்ரிட்ஜ் எனக்கும் தெரிஞ்ச இடம்தான். 1832ல ஒரு பிரபு ஞாபகார்த்தமா கட்டின அந்த உசரத் தூண் இருக்குல்ல, அங்க காரை நிறுத்திட்டு தூணைச் சுத்தி இருக்கிற சமதரையிலயே நடங்க. ஐவிங்ஹோ பீக்கன் பக்கம் போற ஏத்தம் எல்லாம் வேண்டாம். வாட்ச்ல எட்டு நிமிஷம் பாருங்க, எட்டானதும் அவன் குஷியா இருந்தாலும் திரும்பிடுங்க. நாய்க்குத் திரும்பி வரணுமேங்கற யோசனை வராது, தெம்பு இருக்கிற வரைக்கும் முன்னாடிதான் இழுக்கும், அந்தக் கணக்கை நாமதான் போடணும். அவன் நின்னா நீங்களும் நில்லுங்க. வா வான்னு ஒரு தடவை கூட கூப்பிடாதீங்க, பிஸ்கட் காட்டி இழுக்காதீங்க, பந்து வீட்டுலயே இருக்கட்டும். லீடு கையை விட்டுப் போகவே கூடாது. அணில் ஒரு பக்கம்னா, அக்டோபர்ல அங்க மான்களுக்கு இணை சேர்ற சீசன், கிடாய் மான் தொண்டையில இருந்து ஏப்பம் விடற மாதிரி ஒரு சத்தம் போடும், அதைக் கேட்டு சுண்டல் ஒரு 50 மீட்டர் பாய்ஞ்சான்னா போதும். 20 நிமிஷ நடையை விட அந்த 50 மீட்டர்தான் ஆபத்து.

முடியாம போனா தூக்கணும். 9 கிலோதானேன்னு நெனைப்பீங்க, கால் மைல் தூக்கிப் பாருங்க தெரியும். குழந்தையைத் தூக்கற மாதிரி அக்குள்ல கை விட்டு நெட்டுக்குத்தலா தூக்காதீங்க, ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில, படுக்கைவாட்டுல. இல்லன்னா நாய்க்குன்னே தள்ளுவண்டி விக்கறாங்க, தோள்ல மாட்டற பையும் இருக்கு, குழந்தைங்க பழைய புஷ்சேர் பரண்ல கிடந்தாலும் போதும்.

தள்ளுவண்டின்னதும் சிரிப்பாங்களேன்னு கூச்சப்படாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆடு மேய்க்கிற விவசாயி, டெர்பிஷயர் மலைப்பக்கம், எழுபது தாண்டினவர், அவரோட கோலி நாய்க்கு மூட்டும் போச்சு இதயமும் போச்சு. அந்த மனுஷன் எரு அள்ளற வீல்பாரோல தீவனச் சாக்கை மடிச்சுப் போட்டு அது மேல நாயை உக்கார வச்சு தினமும் காலையில தன் வயலைச் சுத்துவார். கேட்டுக்கு வந்ததும் இறக்கி விடுவார். அது மெதுவா நடந்து போய் கேட்டுக் கம்பத்தோட அடிப்பக்கம் மூக்கை வச்சு ஒரு ரெண்டு நிமிஷம், விட்டா மூணு நிமிஷம், ராத்திரி நரி வந்துச்சா, பக்கத்து வீட்டு நாய் வந்துச்சான்னு பேப்பர் படிக்கிற மாதிரி படிக்கும். அப்புறம் தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை. அவர் தூக்கி வண்டியில வச்சு அடுத்த கேட்டுக்குப் போவார். ஒரு ரவுண்டுக்கு நாய் நடந்தது மொத்தம் 60, 70 அடி இருக்கும். அதுக்கு அன்னைக்கு வேலை முடிஞ்ச திருப்தி. நமக்குத்தான் காட்டுக்குப் போறதுன்னா தூரம், வியூ, பீச் மரம் செம்பு நிறத்துக்கு மாறினது, போட்டோ. சுண்டலுக்கு ஆஷ்ரிட்ஜ்ங்கறது ஈர இலைக்கு அடியில இருக்கிற வாசனைதான். ஒரே மரத்தடியில அஞ்சு நிமிஷம் நின்னான்னா அவன் டூர் போயிட்டுத்தான் இருக்கான். கூட வர்றவங்க பொறுமையா இருக்கணும், அவ்வளவுதான்.

கான்கர், காளான் விஷயம். கான்கர் விஷம்தான், ஒண்ணு ரெண்டு கடிச்சாலும் வாந்தி பேதி வரலாம், முழுசா முழுங்கினா குடல்ல அடைச்சுக்கவும் அடைக்கும். ஓக் மரத்துக் காயான ஏகார்னும் அப்படித்தான். காளான்ல பெரும்பாலானது ஒண்ணும் பண்ணாது, ஆனா டெத் கேப்னு ஒண்ணு இந்த சீசன்ல காட்டுல முளைக்கும், அது தின்னா உடனே ஒண்ணும் தெரியாது, பல மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தி ஆரம்பிக்கும், அதுக்குள்ள கல்லீரல் கெட ஆரம்பிச்சிருக்கும். அதனால எதையாவது கவ்வினான்னா சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்னு இருக்காதீங்க, மிச்சத்தை ஒரு பேப்பர்ல சுத்தி எடுத்துக்கிட்டு போன் பண்ணுங்க. அனிமல் பாய்சன்லைன்னு 24 மணி நேரமும் இருக்கு, காசு வாங்குவாங்க, ஆனா தெளிவா சொல்லுவாங்க. நம்ம ஊர் பழக்கத்துல உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கிறது மட்டும் கூடவே கூடாது, எந்த நாய்க்கும் ஆபத்து, இதய நோய் நாய்க்கு டபுள் ஆபத்து. லீடு குட்டையா இருந்தா இந்தப் பிரச்னையே பாதி வராது.

எனக்கு இதை விடக் கவலை அந்த ராத்திரி இருமல்தான். அது இதயத்தாலன்னே எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்க, இருக்கலாம், பெருசான இதயம் மூச்சுக்குழாயை அமுக்கினாலும் இருமல் வரும். ஆனா இங்க இலையுதிர் காலத்து ஈரத்துல நத்தையும் ஓடில்லாத நத்தையான ஸ்லக்கும் எங்க பார்த்தாலும் ஊரும், புல்லை மேயும்போது, வெளியில வச்ச தண்ணிக் கிண்ணத்துல இருந்து கூட சின்ன ஸ்லக்கை நாய் முழுங்கிடும், அது வழியா லங்வோர்ம்னு ஒரு புழு உள்ள போய் நுரையீரல் ரத்தக்குழாய்ல குடியேறும். அதுக்கும் இருமல்தான், இளைப்புதான். சூப்பர்மார்க்கெட்ல வாங்கற பூச்சி மாத்திரை அதைத் தடுக்காது, வெட் எழுதிக் குடுக்கிற மாசாந்திர மருந்துதான் தடுக்கும். சுண்டலுக்கு அது போடறீங்களான்னு நீங்க எழுதல. போடலன்னா இந்த வாரமே கேளுங்க, டெஸ்ட் ரத்தத்துலயே பண்ணிடலாம்.

காட்டுல இருந்து வந்ததும் கால், வயிறு, காது மடல் எல்லாம் தடவி உண்ணி இருக்கான்னு பாருங்க, சேத்தைக் கழுவித் துடைச்சுடுங்க. அடுத்த ரெண்டு மூணு நாள் வாந்தி, பேதி, சுருண்டு படுக்கறதுன்னு ஏதாவது இருந்தா அன்னைக்கே கூப்பிடணும். ஆகஸ்ட்ல இருந்து நவம்பர் வரைக்கும் காட்டுல நடந்த நாய்களுக்கு அப்படி வர்ற ஒரு நோய் 2009ல நாட்டிங்ஹம்ஷயர் பக்கம் முதல்ல கவனிச்சாங்க, காரணம் இன்னும் உறுதியாகல, ரொம்ப அபூர்வம்தான். சாதாரண நாய் வாந்தி எடுத்தா ஒரு நாள் பட்டினி போட்டுப் பார்க்கலாம், சுண்டல் அப்படி இல்ல, ஏற்கனவே நீர் மாத்திரையில ஓடறவன், உடம்பு வறண்டா சிறுநீரகம் அடி வாங்கும். ஃப்ருசமைட் குடுக்கலாமா நிறுத்தலாமான்னு அன்னைக்கு நீங்களா முடிவு பண்ணாம அவங்களைக் கேட்டுச் செய்யுங்க.

ஏதாவது ஆயிடுச்சுன்னான்னு கேட்டீங்க. ரெண்டு விதமா ஆகலாம். ஒண்ணு மயக்கம், திடீர்னு கால் மடங்கி விழுவான், சில சமயம் ஒரு ஊளை விட்டு மூத்திரம் போயிடும், பார்க்க உயிர் போன மாதிரி இருக்கும், பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள எழுந்து ஒண்ணும் நடக்காத மாதிரி வாலாட்டுவான். வாயில தண்ணி ஊத்தாதீங்க, உலுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க விட்டு யாராவது ஒருத்தர் வீடியோ எடுங்க, கல் மனசு வேணும் ஆனா அந்த வீடியோ வெட்டுக்கு ரொம்ப உதவும், வலிப்பா மயக்கமான்னு அதைப் பார்த்துதான் பிரிக்க முடியும். எழுந்தாலும் நடை அதோட முடிஞ்சுது, தூக்கிட்டுக் காருக்கு வந்து போன் பண்ணுங்க. ரெண்டாவது ஜூன்ல பார்த்த மாதிரி, கழுத்தை நீட்டி, முழங்கையை அகட்டி, உக்கார மாட்டான் படுக்க மாட்டான், வயிறு எக்கி எக்கி மூச்சு, உதட்டைத் தூக்கிப் பார்த்தா ஈறு வெளுத்து இல்ல நீலம் பாரிச்சு இருக்கும். அங்க ஒரு நிமிஷம் கூட வேஸ்ட் பண்ணாதீங்க, கட்டிப்பிடிச்சு அழாதீங்க, கார் கண்ணாடியை இறக்கி நேரா எமர்ஜென்சி. அதுக்குத்தான் சொல்றேன், முந்தின நாளே ஆஷ்ரிட்ஜ்ல இருந்து கிட்ட எந்த 24 மணி நேர ஆஸ்பத்திரின்னு பார்த்து நம்பரை ரெண்டு போன்லயும் போட்டு வைங்க, காட்டுக்குள்ள சிக்னல் வரும் போகும். எட்டு நிமிஷத்துல திரும்பச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம், கார் எப்பவும் கிட்டயே இருக்கும்.

உங்கம்மா பேச்சுக்கு வர்றேன். வாயில்லா ஜீவனை இழுத்துக்கிட்டு அலையாதங்கறாங்க, அதுல இழுத்துக்கிட்டுங்கற வார்த்தை இருக்கு பாருங்க, அது நூத்துக்கு நூறு சரி. இழுக்காதீங்க. கார் கதவைத் திறந்ததும் அவனே இறங்கணும்னு எட்டிப் பார்த்தா நடங்க, பார்க்காம தலையைக் கவுத்துக்கிட்டா கதவைத் திறந்து வச்சுட்டு அவன் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துடுங்க. அன்னைக்கு அவன் மூட் எப்படின்னு அங்க போய்தான் தெரியும், பொண்ணுகிட்ட இதை முன்னாடியே சொல்லி வைங்க.

பொண்ணு சொல்ற கடைசிங்கற வார்த்தை. இதை மறைக்கிறதுல அர்த்தம் இல்ல. 2008ல வெளியான குவெஸ்ட்ங்கற ஆய்வுல இதே நோய்ல ஹார்ட் ஃபெயிலியருக்கு வந்த நாய்களைப் பார்த்தாங்க, இதயத்தால சாகறது இல்ல மருந்து பலிக்காம போறது வரைக்கும் கணக்கு, பெனாசெப்ரில்ங்கற வேற மருந்து குடுத்ததுல இடைநிலை 140 நாள், பிமோபெண்டன் குடுத்ததுல 267 நாள். இடைநிலைன்னா பாதி நாய் அதுக்கு முன்னாடி, பாதி அதுக்கு அப்புறம், ஒரு வருஷம் ஒன்றரை வருஷம் ஓட்டினதையும் நான் பார்த்திருக்கேன். சுண்டலுக்கு ஜூன்ல இருந்து நாலு மாசம் ஆச்சு. அடுத்த அக்டோபர் இருப்பானான்னு கேட்டா இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அவளுக்கு இப்படியே சொல்லுங்க, அவளுக்கு ஏற்கனவே தெரியும். மூச்சு எழுதற அதே நோட்டுல இன்னொரு கட்டம் போட்டு இன்னைக்கு சாப்பிட்டானா, கதவுக்கு ஓடி வந்தானா, ராத்திரி நல்லா தூங்கினானான்னு பார்த்து நல்ல நாள், கெட்ட நாள்னு ஒரு குறி போடச் சொல்லுங்க. வாரத்துல கெட்ட நாள் கூடுதலா ஆகும்போது உங்க வெட்கிட்ட அடுத்த பேச்சைப் பேசணும், வலி இல்லாம உயிரை விட வைக்கிற ஊசியை வீட்டுக்கே வந்து போடுவாங்களா, எவ்வளவு ஆகும்னு இப்பவே அமைதியா இருக்கும்போது கேட்டு வச்சுக்கறது நல்லது, நடுராத்திரி எமர்ஜென்சி ரூம்ல நின்னுக்கிட்டு முடிவு எடுக்கிற கொடுமை வேண்டாம்.

ஒண்ணு கேக்க மறந்துட்டீங்க, நானே சொல்றேன். தீபாவளியும் இங்கத்த நவம்பர் 5 பான்ஃபயர் நைட்டும் அடுத்தடுத்து வருது, சுண்டலுக்குக் காட்டை விட அந்த வெடிச் சத்தம்தான் பெரிய சோதனை. திரை இழுத்து விட்டு, டிவியை சத்தமா வச்சு, இருட்டறதுக்கு முன்னாடியே வெளிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுங்க. பட்டாசு பயத்துக்குன்னு பக்கத்து வீட்டு நாய்க்குக் குடுத்த மருந்தை வாங்கிக் குடுக்காதீங்க, அதுல சிலது இதய நோய்க்கு ஆகவே ஆகாது.

எலுமிச்சை சாதம் நீங்க சாப்பிடுங்க, அவனுக்கு வேண்டாம், உப்பு. முறுக்கு, மிக்சர், சிப்ஸ், கஃபேல விக்கற சாசேஜ் ரோல் எதுவும் வேண்டாம், உப்பு ஏறினா நீர் கோத்துக்கும். பைக்குள்ள திராட்சை, கேக்ல இருக்கிற உலர் திராட்சை எதுவும் கீழ சிந்தாம பாருங்க, அது நாய்க்கு சிறுநீரகத்தையே காலி பண்ணும். மசாலா இல்லாம உப்பில்லாம வேக வச்ச கோழியை ஒரு டப்பால எடுத்துட்டுப் போனா அவனுக்கும் ஒரு பிக்னிக் ஆச்சு.

இந்த வாரம் ஏழு ராத்திரி நம்பரையும் பொண்ணை விட்டே எனக்கு எழுதச் சொல்லுங்க. அப்புறம், அவனுக்குப் பழைய வழி ஞாபகம் இருக்கும், கார் நின்னதும் அந்த 5 மைல் பாதைப் பக்கம்தான் பிடிச்சு இழுப்பான், கதவைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ஹார்னஸ்ல லீடை மாட்டிடுங்க.